வில்லியம் ஆஸ்லர்

சர் வில்லியம் ஆஸ்லர் (ஜூலை 12, 1849 – டிசம்பர் 29, 1919) கனடா நாட்டு மருத்துவரும் பேராசிரியரும் ஆவார். மருத்துவர்கள் கூடி ஆய்விதழ்களைப் படித்து விவாதிக்கும் ஆய்விதழ் மன்றத்தின் முன்னோடியாக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

இன்றைய ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்த ஆஸ்லர், 1872 இல் மொண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றுப் பின்னர் அங்கேயே ஆசிரியரானார். 1889 இல் பால்ட்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தலைமை மருத்துவராகவும், 1905 இல் ஆக்சுபோர்டில் பேராசிரியராகவும் பொறுப்பேற்றார்.

ஆய்விதழ் மன்றம்

அக்காலத்தில் ஆய்விதழ்களைத் தனியொருவர் வாங்குவது கடினமாக இருந்தது. எனவே 1875 இல் மெக்கிலில் ஒரு மன்றத்தைத் தொடங்கினார். உறுப்பினர்கள் இதழ்களைக் கூட்டாக வாங்கிப் பகிர்ந்துகொண்டனர். ஜான்ஸ் ஹாப்கின்சிலும் இவர் இம்மன்றத்தை நடத்தினார்.

மருந்துகள் குறித்த ஐயம்

1892 இல் வெளியான இவரது மருத்துவப் பாடநூல், வழக்கிலிருந்த பல மருந்துகளின் பயன் உறுதிப்படவில்லை என்பதை மறைக்கவில்லை. 1897 இல் இதனைப் படித்த பிரெடெரிக் கேட்சு, குணப்படுத்தக்கூடிய நோய்கள் மிகச் சிலவே என உணர்ந்தார். அவரது தூண்டுதலால் 1901 இல் நியூயார்க்கில் ராக்பெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனம் உருவானது.

தாக்கம்

1990களில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து சான்றுசார் மருத்துவம் பரவியபோது, இம்மன்றங்களின் நோக்கமும் விரிந்தது. நோயாளிகள் எவ்வாறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர், எத்தனை பேர் இடையில் விலகினர், முடிவு தம்மிடம் வரும் நோயாளிக்குப் பொருந்துமா என்பன ஆராயப்படுகின்றன. புதுச்சேரி ஜிப்மர் உள்ளிட்ட இந்திய மருத்துவக் கல்வி நிறுவனங்களின் முதுநிலைப் பயிற்சியில் இம்மன்றம் ஓர் அங்கமாகும். கல்லூரிக்கு வெளியே தனித்துப் பணியாற்றும் குடும்ப மருத்துவருக்கும் இம்முறை பயன்படும். இதற்குத் தேவைப்படுவன ஓர் ஆய்வுக் கட்டுரையும் உடன் விவாதிக்கச் சிலரும் மட்டுமே.