பப்ரிசியுஸ் ஐயர்

பண்ருட்டியை அடுத்த திருவதிகையைக் காண்போர்க்குத் திருநாவுக்கரசர் நினைவு வருதல் இயல்பே. ஆயின் அவ்வூர்க் கோயில் ஒருகாலத்தில் போர்க்கோட்டையாகி, 1750ஆம் ஆண்டையடுத்த கருநாடகப் போர்களில் ஆங்கிலேயர் கையிலும் பிரெஞ்சுக்காரர் கையிலும் மாறிமாறிச் சிக்கியது என்பதை நம் மாணவருட் பலர் அறியார். அப்போர்களின் அலைவீச்சில் அகப்பட்டு, வீடும் ஆலயமும் இழந்து ஓடியும் எழுதுகோலைக் கீழே வையாத குருவானவர் ஒருவரது சரித்திரத்தை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

யோவான் பிலிப் பப்ரிசியுஸ் என்பவர் 1711ஆம் ஆண்டு ஜெர்மனி தேசத்துக் கிளேபெர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். முதலிற் சட்டநூல் பயின்றார். பின்னர் அதனை விடுத்து ஹாலே நகரஞ் சென்று இறையியல் கற்றார். அக்காலத்தில் தரங்கம்பாடி மிஷனுக்கு ஆட்களைப் பயிற்றி அனுப்பிய இடம் ஹாலேயே. 1740இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர், இரண்டாண்டு அங்கே தமிழ் கற்று, 1742இன் இறுதியிற் சென்னைக்குச் சென்றார். அதுமுதல் ஐம்பதாண்டுக்குச் சிறிது குறைவாக இந்நாடே அவர் நாடாயிற்று. மணம் புரிந்திலர், தாய்நாட்டுக்குத் திரும்பியதுமில்லை.

சென்னையில் அவர் காலூன்றி நான்காண்டு செல்லுமுன், 1746இல், பிரெஞ்சுக்காரர் நகரைக் கைப்பற்றினர். மிஷன் கட்டடங்கள் அழிந்தன. ஐயர் தம் சபையாருட் சிலரோடு டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டிற் புகல் அடைந்தார். 1749இற் சென்னை ஆங்கிலேயர்க்கு மீண்டபொழுது, வேப்பேரியில் ஆர்மீனிய வணிகர் ஒருவர் கத்தோலிக்கர்க்கென எழுப்பியிருந்த ஆலயம் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டு இவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர்க்குத் துணைநின்றார்கள் என்ற ஐயமே அதற்குக் காரணம். ஒருவர் இழப்பு மற்றவர்க்குப் பேறாயிற்று. இதனைப் புகழ்ச்சியாக யாம் எழுதவில்லை, நடந்தது அது. 1758இல் லாலி கூடலூரின் தேவனாம்பட்டினக் கோட்டையை வீழ்த்திப் பின் சென்னையை முற்றுகையிட்டபோது, மீண்டும் பழவேற்காட்டு ஓட்டம் நேர்ந்தது.

இங்ஙனம் ஓடியும் திரும்பியும் வாழ்ந்தவரே தமிழ் வேதாகமத்தைப் புதுக்கும் பெரும்பணியை மேற்கொண்டார். சீகன்பால்கு ஐயரின் புதிய ஏற்பாடு 1715இலேயே அச்சேறியிருந்தது. பழைய ஏற்பாட்டில் அவர் விட்ட பகுதியைச் சூல்ச் ஐயர் முடித்து 1728இல் நிறைவேற்றினார். முதன்முயற்சிக்குரிய பெருமை அவற்றிற்குண்டு, நடையோ கரடுமுரடு. பப்ரிசியுஸ் எபிரெய, கிரேக்க மூலங்களை ஒருபுறமும் தமிழரின் செவியை மறுபுறமும் வைத்து எழுதினார். எழுதிய பகுதியைக் கற்றோர்க்கும் கல்லாதார்க்கும் படித்துக்காட்டி, அவர்கள் தடுமாறுமிடத்தைத் திருத்துவார். முழந்தாளில் நின்றே மொழிபெயர்த்தார் என்று லுத்தரன் சபையார் வழிவழி கூறுவர். அவரது புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. வரவர நடை மெருகேறிற்று. பிற்காலத்தில் 1871இற் போவர் ஐயர் குழுவினர் வெளியிட்ட திருப்புதலுக்கும் இதுவே அடிப்படை. லுத்தரன் சபைகளோ அதன் பின்னும் நெடுங்காலம் பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பை விடவில்லை. ஜெர்மானிய ஞானப்பாட்டுக்கள் முந்நூற்றுக்கு மேற்பட்டவற்றையும் அவர் தமிழாக்கினார். மேனாட்டு மெட்டுக்குத் தமிழ்ச் சொல்லைப் பொருத்துதல் எளிதன்று. சில அடிகள் இன்று நமக்கு இடறத்தான் செய்கின்றன.

அச்சகம் வந்த கதை சுவையுடையது. 1761இற் கூட் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் புதுச்சேரியைப் பிடித்தபொழுது, ஆளுநர் மாளிகையில் ஓர் அச்சுப்பொறியும் எழுத்துக்களும் அகப்பட்டன. சென்னை அரசாங்கத்தாரிடம் அச்சடிக்க வல்லார் இல்லை. ஆகவே, வேண்டும்போது அரசாங்க வேலையையும் செய்துதரல் வேண்டும் என்னும் நிபந்தனையோடு அதனை ஐயரிடம் வேப்பேரிக்கு அனுப்பினர். போர்க்கொள்ளையாக வந்த அப்பொறியே அங்கே ஞானநூல்களையும் அகராதியையும் அச்சிட்டது. தமிழை ஐரோப்பியர் மலபார் மொழி என்றழைத்த காலம் அது. அப்பெயரோடு 1779இல் அவரும் அவருடைய தோழர் பிரைத்தாப்ட் ஐயரும் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதி ஏறக்குறைய 9,000 சொற்களைக் கொண்டது. அது 1897இல் தரங்கம்பாடியில் விரித்துப் புதுக்கப்பட்டு, 1972 வரை பதிப்புக் கண்டது.

இனிக் கூறவிருப்பதைச் சிலர் மறைத்துச் செல்வர், மறைத்தல் தகாது. ஐயரிடம் மிஷன் பணமும், அவரை நம்பிப் பிறர் ஒப்படைத்த பணமும் இருந்தன. ஆர்க்காட்டு நவாப் கடனில் மூழ்கி, சென்னை வெள்ளையர் பலர் அவருக்கு வட்டிக்குக் கொடுத்துக் கொழுக்க முயன்ற காலம் அது. மிஷனுக்கு வருவாய் பெருகும் என்றெண்ணி ஐயரும் இந்நாட்டுப் பிரபுக்களுக்குக் கடன் கொடுத்தார். கொடுத்தது திரும்பவில்லை. பணத்துக்குரியோர் வழக்குத் தொடுத்தனர். முதிய வயதில் அவர் கடனாளியாகச் சிறை புகுந்தார். தமக்கென ஒரு காசும் அவர் விரும்பியதில்லை என்பது மெய். எளிய வாழ்க்கையே வாழ்ந்தார். ஆயினும் இழந்தது பிறர் பொருள். கொடுத்தவர்க்கு அவருடைய எளிமை ஈடாகுமோ? ஒரு சொல்லின் பொருளைப் பத்துப் பேரிடம் கேட்டுத் தெளிந்தவர், கடன் கேட்டு வந்தவரின் நிலையை அவ்வாறு விசாரித்திலர் என்பதே எமக்கு வியப்பு.

1788இல் அவர் பொறுப்பினின்றும் நீங்க, கெரிக்கே ஐயர் அவ்விடத்துக்கு வந்தார். இவர் நம் கூடலூருக்குப் பழகியவர்; 1767 முதல் அங்கே பணியாற்றி, 1782இல் அந்நகர் பிரெஞ்சுக்காரர் வசமானபின் நாகப்பட்டினஞ் சென்றவர். சிதறிக் கிடந்த மிஷன் கணக்கைச் சீர்செய்யும் வேலை அவர்மேல் விழுந்தது. பப்ரிசியுஸ் 1791ஆம் ஆண்டு ஜனவரியில், எண்பதாம் வயதிற் காலமானார். 1777 முதற் பகுதி பகுதியாகத் தரங்கம்பாடியில் அச்சாகிவந்த அவரது பழைய ஏற்பாடு அப்போதும் முற்றுப்பெறவில்லை. கடைசிப் பகுதி 1796இல் வெளிவந்தது.