சலீம் அலியும் சுண்டிக்குளத்துப் பறவைகளும்

உருத்திரபுரத்தில் எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் தருவது இரணைமடுக் குளம். அந்தக் குளத்தை நிரப்பும் கனகராயன் ஆறு, சுண்டிக்குளம் களப்பில் போய்ச் சேர்கிறது. மாரி காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் அங்கே இறங்கும். பாக்கு நீரிணைக்கு அப்பால் அவற்றுக்கு இன்னொரு தங்குமிடம் கோடியக்கரை. அதன் அருமையை 1962இல் எடுத்துக்காட்டியவர் சலீம் அலி. 1967இல் அது சரணாலயமானது.

சலீம் அலி 1896இல் மும்பையில் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தார். காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய குருவி ஒன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன குருவி என்று கேட்டுப் போன இடம்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரச வேலை கிடைக்கவில்லை. ஆனாலும் ஊர் ஊராக அலைந்து பறவைகளைக் கணக்கெடுத்தார். கட்ச் உப்புப் பாலைவனத்தில் பூநாரைகள் இலட்சக்கணக்கில் கூடு கட்டும் இடத்துக்கு 1945இல் சென்று பதிவு செய்தார். பின்னர் பரத்பூரிலும் கோடியக்கரையிலும் பறவைகளின் கால்களில் வளையமிட்டு, அவற்றின் பாதையை அறியும் பணியை நடத்தினார். 1976இல் கிடைத்த கெட்டி பரிசுப் பணத்தைக் கழகத்துக்கே கொடுத்தார்.

அவருடைய வாழ்வில் நாங்கள் கவனிக்க வேண்டிய பக்கம் பரத்பூர்தான். பறவைகளைக் காக்க அங்கே எருமை மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்ற கருத்தை அவரும் ஆதரித்தார். 1982இல் தடை வந்தது. எதிர்த்த கிராம மக்கள் மீது பொலிஸார் சுட்டதில் உயிர்கள் பறிபோயின. பின்னர் அவருடைய கழகமே நடத்திய நீண்ட ஆய்வு, எருமைகள் மேய்ந்ததால்தான் நீர்ப்புல் பெருகாமல் இருந்தது என்று கண்டது. தடைக்குப் பின் புல் மண்டி, பல நீர்ப்பறவைகளுக்கு இடமில்லாமல் போனது. மக்களை வெளியேற்றினால் பறவைகள் தாமாகப் பெருகும் என்ற கணக்கு அங்கே பிழைத்தது.

சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவானது. போருக்குப் பின் மீளக்குடியேறியவர்கள் களப்பில் வலை வீசியும் கரையில் மாடு மேய்த்தும் வாழ்கிறார்கள். எல்லைக் கல் நடுமுன் வனஜீவராசிகள் திணைக்களம் அவர்களுடன் உட்கார்ந்து பேச வேண்டும். எந்த மாதத்தில் எந்தப் பறவை எங்கே இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சலீம் அலி 1987இல் மறைந்தார். பொறுமையாகப் பார்த்து, எழுதி வைத்து, அதன் பிறகே முடிவெடுப்பது அவர் விட்டுச்சென்ற முறை. சுண்டிக்குளத்தில் அந்தப் பதிவேட்டை மீனவர்களையும் மேய்ப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு தொடங்கலாம்.