கழட்டிப் பார்த்தே கற்றுக்கொண்ட ஜி.டி. நாயுடு

கோவை அருகே கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை, பாதியிலேயே விட்டுவிட்டார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும், இது எப்படித்தான் ஓடுதுன்னு தெரிஞ்சே ஆகணும்னு வெறி! கோவை ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒரு வண்டி வாங்கினார். வாங்கிய கையோடு அக்குவேறு ஆணிவேறாகக் கழட்டி, மறுபடி மாட்டினார். அதுதான் அவர் படித்த இன்ஜினியரிங் காலேஜ்.

1920-ல் பொள்ளாச்சி–பழனி ரூட்டில் ஒரே ஒரு பஸ். அது யு.எம்.எஸ். நிறுவனமாக வளர்ந்தது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் தயாரித்தார்.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் தொழில்நுட்பக் கல்லூரியும் உருவாக முன்நின்று, முதல்வரும் ஆனார். நாலு வருஷப் படிப்பு மாணவனின் வயசை வீணாக்குது, பட்டறையில் கைவைத்துப் படித்தால் இரண்டு வருஷமே தாராளம் என்பது அவர் கட்சி. அரசு ஏற்கவில்லை. பதவியை உதறினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பழைய இடத்தில் ‘ஹோப் காலேஜ்’ என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1974-ல் நாயுடு மறைந்தார்.

நாலு வருஷம் முழுசாப் படிச்ச நமக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும். நண்பர்களே, தம்பி தங்கைகளே! நம்ம பெரம்பலூர், அரியலூர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பழைய மிக்ஸி மோட்டார், ஒரு ஸ்க்ரூடிரைவர், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒரு ஆள் இருந்தால் போதும், பாடம் ஆரம்பம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்! அந்த ஆள் நாமாக இருப்போமே.