பல்பு அட்டையில் கெல்வின் பிரபு

எல்.ஈ.டி. பல்பு அட்டையில் 2700 கே, 6500 கே என்று போட்டிருக்கும். எங்கள் வருசநாட்டுக் கடைகளில் மஞ்சளா, வெள்ளையான்னுதான் கேட்பார்கள். அந்தக் ‘கே’ ஒரு மனிதரின் பெயர்.

வில்லியம் தாம்சன் 1824 ஜூன் 26-ல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். 1830-ல் தாயை இழந்தார். அப்பா ஜேம்ஸ் ஒரு சிறு விவசாயியின் மகன். சொந்த முயற்சியில் கணக்குப் படித்துப் பேராசிரியர் ஆனவர். எனக்கு மகனைவிட இந்த அப்பாவைத்தான் ரொம்பப் பிடிக்கிறது. எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கப்பா இலவங்காய் பறிக்கப் போகிறவர். பத்து வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழக வகுப்பில் உட்கார்ந்த வில்லியம், 1846-ல், 22 வயதில், அங்கேயே பேராசிரியர் ஆனார். 53 வருசம் அதே வேலை!

இதற்குக் கீழே குளிர்ச்சியே கிடையாது என்கிற இடத்தைப் பூஜ்யமாக வைத்து வெப்பத்தை அளக்கலாம் என்று 1848-ல் சொன்னார். இன்றைய கணக்கில் அது மைனஸ் 273.15 சென்டிகிரேடு. பல்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கொல்லன் பட்டறையைப் பாருங்கள். இரும்பு முதலில் சிவக்கும், சூடு ஏற ஏற மஞ்சளாகி வெளுக்கும். எந்தச் சூட்டுக்கு எந்த நிறம் என்று சூத்திரம் தந்தவர் மாக்ஸ் பிளாங்க், 1900-ல். அளவுகோல் தாம்சனுடையது. குண்டு பல்பின் டங்ஸ்டன் கம்பி சுமார் 2700. மேகம் மூடிய பகல் வெளிச்சம் சுமார் 6500. எல்.ஈ.டி. அத்தனை சூடாவதில்லை, நிறம் மட்டும் அதற்குச் சமம். எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. ஆனால் மஞ்சளை ‘வார்ம்’, வெள்ளையை ‘கூல்’ என்கிறார்கள். வேடிக்கைதான்.

எங்கள் வீடு ஒரே அறை. ராத்திரி நான் படிக்க வெள்ளை வேணும். விடியுமுன் காட்டுக்குப் போகிற அப்பாவுக்கு அது கண் கூசும். கடைசியில் 4000-க்கு ஒத்துக்கொண்டோம்.

தாம்சன் தாளில் கணக்குப் போட்டதோடு நிற்கவில்லை. அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பிக்கு உழைத்து 1866-ல் சர் பட்டம் பெற்றார். 1881-ல் தன் வீட்டு காஸ் விளக்குகளை எடுத்துவிட்டு மின்விளக்கு போட்டார். அப்போது அது ஊரே வந்து பார்க்கிற சங்கதியாக இருந்திருக்கும்! 1892-ல் பிரபு பட்டம் வந்தபோது பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் ஓடிய கெல்வின் ஆற்றின் பெயரைச் சூட்டிக்கொண்டார். நம்ம ஊர் ஆள் மூல வைகையின் பெயரை வைத்துக்கொண்ட மாதிரி.

1907 டிசம்பர் 17-ல் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனுக்கு அருகே அடக்கம் செய்தார்கள். 1954-ல் உலக அளவீட்டு மாநாடு ‘டிகிரி கெல்வின்’ என்ற அலகை ஏற்றது. 1967-ல் டிகிரியை எடுத்துவிட்டார்கள். அதனால்தான் அட்டையில் வெறும் ‘கே’.