ஓட்டு மெஷினுக்குப் பின்னால் ஒரு ஸ்ரீரங்கத்துக்காரர்: ரங்கராஜன் 'சுஜாதா' ஆன கதை தெரியும், இந்தக் கதை தெரியுமா?

தேர்தல் வந்தாலே ஒரு சந்தேகமும் கூடவே வந்துவிடும். ஓட்டு மெஷினை எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ரேடியோ சிக்னல் மூலம் மாற்ற முடியுமா? இதற்கான பதில் எழுத்தாளர் சுஜாதாவின் ஆபீஸ் வேலைக்குள் இருக்கிறது.

எஸ்.ரங்கராஜன் 1935 மே 3-ல் சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். அப்பாவுக்கு அடிக்கடி மாற்றல் என்பதால் ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். அங்கேயே ஹைஸ்கூல், பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல். அதன்பின் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ். இந்த இரண்டு கல்லூரிகளிலும் அப்துல் கலாமும் அதே காலத்தில் படித்தவர்தான்.

டெல்லியில் சிவில் ஏவியேஷன் வேலை. சுமார் 14 வருஷம் கழித்து பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ். இரவில் கணேஷ்-வசந்த், பகலில் சர்க்யூட். மனைவி பெயரில் எழுதியதால் பலருக்கு இந்த இன்ஜினீயர் பக்கம் தெரியவே இல்லை.

பெல் நிறுவனத்தில் ஓட்டு மெஷினின் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்வையிட்ட குழுவில் முக்கியமானவர் அவர். கரண்ட் இல்லாத கிராமத்திலும் ஓட வேண்டும் என்பதால் பேட்டரி. ஒரு யூனிட்டில் 16 வேட்பாளர்கள். பூத்தைக் கைப்பற்றி மளமளவென்று குத்த முடியாதபடி நிமிடத்துக்கு 5 ஓட்டு மட்டுமே வாங்கும்படி அப்போது வைத்திருந்தார்கள். இரண்டு பெட்டிகளையும் இணைப்பது 5 மீட்டர் கேபிள். சிக்னல் அனுப்பவோ வாங்கவோ உள்ளே எதுவும் கிடையாது. இப்போது பசங்க வாங்கி விளையாடும் ஆர்டுயினோ போர்டில் புரோகிராமை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இதன் சிப்பில் ஒரே ஒருமுறைதான் எழுத முடியும்.

ஆனால் முதல் சோதனையே கோர்ட்டுக்குப் போனது. 1982 மே 19-ல் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 பூத்களில் மெஷின் வைத்தார்கள். சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி.ஜோஸ் வழக்கு போட, சட்டத்தில் மெஷினுக்கு இடமே இல்லை என்று சொல்லி 1984-ல் சுப்ரீம் கோர்ட் அந்த 50 பூத்களிலும் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடத்தச் சொன்னது. அதில் ஜோஸ் ஜெயித்துவிட்டார்! மெஷின் தப்பாக எண்ணியது என்று கோர்ட் சொல்லவில்லை. பலருக்கும் இது குழப்பமாகவே இருக்கிறது.

1988-ல் சட்டம் திருத்தப்பட்டது. 1993-ல் ரங்கராஜன் ரிட்டயர் ஆகி சென்னை வந்தார். மெஷினுக்காக அவருக்கு வாஸ்விக் விருது கிடைத்தது. 2001-ல் தமிழகச் சட்டமன்றத் தேர்தல், 2004-ல் நாடு முழுக்க 543 தொகுதிகள் என மெஷின் பரவியதை அவர் கண்ணால் பார்த்தார். 2008 பிப்ரவரி 27-ல் காலமானார்.

சரி, மெஷினைத் திறந்து உள்ளே வேறு பாகம் வைத்தால்? 2010-ல் ஆய்வாளர்கள் சிலர் அதைத்தான் செய்து காட்டினார்கள். டிஸ்ப்ளே போர்டை எடுத்துவிட்டு, மைக்ரோகன்ட்ரோலரும் ப்ளூடூத்தும் உள்ள போலி போர்டை வைத்து, செல்போனிலிருந்து முடிவை மாற்றினார்கள். ஆக, தூரத்திலிருந்து மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் மெஷின் கையில் கிடைக்க வேண்டும். அதனால்தான் சீல், காவல், ஸ்ட்ராங் ரூம் எல்லாம். யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காகிதத்தில் காட்டும் விவிபேட் 2013-ல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் முதன்முதலாக வந்தது.