பனிச்சறுக்குப் பலகைக்கு ‘இடுப்பு’ வைத்த ஏழைத் தச்சர்: யார் இந்த சோண்ட்ரே நோர்ஹைம்?

காலையில் கல் மாதிரி இறுகிய பனி, நிழல் பக்கம் புதுசா விழுந்த பொடிப்பனி, மதிய வெயிலில் இளகிய ஈரப்பனி. ஒரே மலையில் ஒரே நாளில் இத்தனையும் இருக்கும். எல்லாத்துக்கும் ஒரே ஜோடி போதும் என்று விற்கப்படுவதுதான் ‘ஆல்-மவுண்டன்’ ஸ்கீ. முன்னும் பின்னும் அகலம், நடுவில் ஒடுக்கம். இந்த வடிவத்துக்கு முன்னோடியாகச் சொல்லப்படுபவர், நார்வேயின் சோண்ட்ரே நோர்ஹைம்.

யார் இவர்?

1825-ல் டெலிமார்க் பகுதியின் மோர்கெடால் ஊரில் பிறந்தவர். சொந்த நிலம் கிடையாது. குத்தகை விவசாயம், கூடவே தச்சு வேலை. குளிர்காலம் வந்துவிட்டால் மலைச்சரிவுதான் உலகம்.

அப்படி என்ன மாற்றினார்?

அன்றைய பலகைகள் நீளமானவை. கால் நுனியை மட்டும் வாரில் நுழைத்துக்கொள்வார்கள், குதித்தால் கழன்றுவிடும். நோர்ஹைம், வளையும் மெல்லிய மரக்கிளைகளை முறுக்கிக் குதிகாலைச் சுற்றிக் கட்டினார். பலகையைக் குட்டையாக்கி, நடுப்பகுதியை ஒடுக்கினார்.

அதனால் என்ன லாபம்?

இடை ஒடுங்கிய பலகையைச் சாய்த்தால், அதன் ஓரம் இறுகிய பனியில் பதியும். உடல் எடையில் பலகை வில்லாக வளையும். அந்த வளைவிலேயே ஆளும் திரும்பிவிடலாம்.

பொடிப்பனியில் கதையே வேறு. ஓரம் பிடிக்க அங்கே கெட்டியாக எதுவும் இல்லை; மூழ்காமல் மிதக்க அகலம் வேண்டும். ஆனால் அகலம் கூடினால், இறுகிய பனியில் ஓரம் மாற்றித் திரும்புவது மெதுவாகும். அதனால்தான் இன்றைய ஆல்-மவுண்டன் பலகைகளின் நடு அகலம் பெரும்பாலும் 85 முதல் 100 மில்லிமீட்டருக்குள் நிற்கிறது. எதிலும் முதல் மார்க் வாங்காது, எதிலும் ஃபெயிலும் ஆகாது.

பிறகு என்ன ஆனார்?

1868-ல், 42 வயதில், இன்றைய ஓஸ்லோவான கிறிஸ்தியானியாவில் நடந்த போட்டிக்குப் போய் ஜெயித்தார். தலைநகரமே பேசியது. பேர் வந்தது, பணம் வரவில்லை.

1884-ல் பிழைப்பு தேடிக் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். கடைசியில் தங்கியது வடக்கு டகோட்டா சமவெளியில். அங்கே பனிக்குக் குறைவில்லை, மலைதான் இல்லை. 1897-ல் அங்கேயே இறந்தார். பல பத்தாண்டுகள் அவர் கல்லறையில் பெயர்கூட இல்லை.

1952-ல் ஓஸ்லோவில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, அதற்கான ஜோதியை மோர்கெடாலில் அவர் வாழ்ந்த வீட்டின் அடுப்பில்தான் ஏற்றினார்கள்.