திருமறையை ஏடாக்கிய ஸைது

நம் பெரம்பலூர்ச் சீமையில் வெள்ளாற்றங்கரையிலுள்ள லெப்பைக்குடிக்காட்டிற்குச் சென்றோர் ஆண்டுச் சிறார் திருக்குர்ஆன் ஓதும் ஓசையைக் கேட்டிருப்பர். அவர் ஓதும் மறையை ஏடாகத் தொகுத்தவர் ஸைது இப்னு ஸாபித் என்ப. இஸ்லாமிய மரபு கூறுமாறு அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

ஏறத்தாழக் கி.பி. 611-இல் மதீனாவிற் பிறந்த ஸைது, ஆறாம் வயதில் தந்தையைப் போரில் இழந்தார். நபிகள் நாயகம் 622-இல் அந்நகர்க்கு எழுந்தருளியபோது இவர் 11 வயதுச் சிறுவர். பத்ருப் போருக்குச் செல்ல விழைந்தும் இளமை கருதித் திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் யூதரின் எழுத்தைச் சின்னாளிற் கற்று நாயகத்தின் கடிதங்களை எழுதினார். அருளப்பெற்ற வசனங்களை வரைவோருள்ளும் ஒருவரானார்.

632-இல் நாயகம் மறைந்தனர். அதன்பின் நிகழ்ந்த யமாமாப் போரில் மறையை மனனஞ் செய்தோர் பலர் மாண்டனர். மறை அழியுமோ என்று அஞ்சிய உமர் தூண்ட, கலீபா அபூபக்கர் ஸைதிடம் தொகுக்கும் பணியை ஒப்புவித்தார். நாயகமே செய்யாத ஒன்றைத் தாம் செய்வதா என்று அவர் தயங்கினார். மலையைப் பெயர்ப்பதினும் அது பெரும் பாரமாகத் தோன்றிற்றாம். பேரீச்ச மட்டை, மெல்லிய கல், எலும்பு, மாந்தர் நெஞ்சம் ஆகியவற்றினின்றும் திரட்டினார். தம் நினைவொன்றையே நம்பாது சான்று தேடிய அப்பண்பை நாம் பெரிதும் வியக்கிறோம்.

ஏறத்தாழ 650-இல் சிரியாப் படையினரும் ஈராக்குப் படையினரும் ஓதுமுறை பற்றிப் பூசலிட்டனர். கலீபா உஸ்மான், ஸைதையும் குறைஷியர் மூவரையும் கொண்டு படிகள் எடுப்பித்து, ஏனைய ஏடுகளை எரிப்பித்தார். கூபா நகரிலிருந்த இப்னு மஸ்ஊத் இணங்கவில்லை. ஸைது விளையாட்டுப் பிள்ளையாயிருந்த காலத்திலேயே நாயகத்தின் வாய்மொழியாக 70 அத்தியாயங்களைக் கற்றவர் அவர். அவர் மனக்குறை நியாயமற்றதென்று நமக்குத் தோன்றவில்லை. பூசல் தீர வேறு வழியும் புலப்படவில்லை.

அழிந்த ஏடுகளின் பாடபேதங்களை, முன்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஆர்தர் ஜெப்ரி திரட்டி 1937-இல் வெளியிட்டார். 1977-இலோ அறிஞர் இருவர் இச்சரிதத்தையே மறுத்தனர். மறை நெடுங்காலஞ் சென்றே நிலைபெற்றதென்றார் வான்ஸ்பரோ. நாயகமே தொகுத்து முடித்தாரென்றார் பர்ட்டன். எவ்வாறாயினும் ஸைதுக்கு இடமில்லை! ஆயினும் 2015-இல் பர்மிங்காமில் ஆராயப்பட்ட இரு தோலேடுகளின் தோல் 568-க்கும் 645-க்கும் இடைப்பட்டதென்று தெரிந்தபின், வான்ஸ்பரோவின் கொள்கை தளர்ந்துவிட்டதென்றே கருதுகிறோம்.

ஸைது முதுமையில் வாரிசுரிமைச் சட்டத்தில் வல்லுநராய் விளங்கி, 665-ஐ ஒட்டி மதீனாவிலேயே மறைந்தார். அவர் முதலிற் றொகுத்த ஏடுகள் உமரின் மகளார் ஹப்ஸாவிடம் இருந்தன. அவ்வம்மையார் இறந்ததும் ஆளுநர் மர்வான் அவற்றை வாங்கி அழிப்பித்தார்.